நூறு வகை டோஃபு

ஒசாகா ஜப்பானின் வியாபாரிகள் ஊர். அங்கே 1782ஆம் ஆண்டு 'டோஃபு ஹியாகுச்சின்' என்றொரு சமையல் நூல் வெளியானது. சோயாவை அரைத்துப் பாலெடுத்து உறையவைத்த கட்டிதான் டோஃபு. அந்த ஒன்றுக்கே நூறு பக்குவங்கள்! நன்றாக விற்றதால் மறு வருஷமே தொடர்நூலும் வந்தது. பின்னர் மீனுக்கும் சர்க்கரைவள்ளிக்கும் இதே பாணியில் நூல்கள் கிளம்பின; நம் சமணர் வீடுகளுக்கு இரண்டும் ஆகாது. டோஃபு நூலிலும் சில பக்குவங்களில் மீன்சாறு உண்டு, முழுக்க மரக்கறி என்று எண்ணிவிடக் கூடாது.

ஆசிரியர் புனைபெயரில் ஒளிந்துகொண்டவர். ஆனால் சரக்கைத் தரம் பிரிக்கத் தெரிந்தவர். ஆறு தரம், சாதாரணத்தில் 26, உச்சத்தில் வெறும் 7. உச்சத்தில் என்னதான் இருக்கிறது என்று பார்த்தால், வெந்நீர் டோஃபு! மாவு கரைத்த கொதிநீரில் இட்டு, துண்டு லேசாக அசைந்து மேலெழப் பார்க்கும்போதே எடுத்துவிட வேண்டும். மிதந்துவிட்டால் போச்சு, பதம் தப்பியது. சுடுவதற்குக் குச்சியில் கோப்பதையும் வெதுவெதுப்பான நீருக்குள் வைத்தே செய்யச் சொல்கிறார், உடையாமலிருக்க.

இரண்டாம் தரத்தில் உள்ள பத்துக்கு மட்டும் செய்முறை கிடையாது, பெயர்தான். எல்லாருக்கும் தெரிந்ததை எழுதுவானேன் என்று விட்டுவிட்டார். எனக்கு இந்தப் பத்தின்மேல்தான் கண். என் தாயாரின் கொள்ளு ரசமும் இப்படித்தான் போயிற்று. மலர்க் குழுவினர் அடுத்த முறை நாலு பக்கம் ஒதுக்கினால், வீட்டுக்கு ஒன்றாக இந்த 'எல்லாருக்கும் தெரிந்த' பதார்த்தங்களை எழுதி வாங்கலாம். உப்பு, புளி அளவோடு.