பரணில் கிடக்கும் பழைய அரசு லேப்டாப்பை வீட்டு சர்வராக மாற்றலாமா? எதற்கு உதவும், எங்கே கவனம் தேவை?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருக்கும் பல வீடுகளில், பீரோ மேலேயோ பரணிலோ ஒரு பழைய லேப்டாப் கிடக்கும். "பேட்டரி நிக்கல, ரொம்ப ஸ்லோ" என்று ஒதுக்கி வைத்திருப்பார்கள். அதைப் பழைய இரும்புக் கடையில் போடுவதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டிலுள்ள எல்லா போன்களுக்கும் படம், வீடியோ, பாடம் எல்லாவற்றையும் சேமித்துத் தரும் சர்வராக அதை மாற்றலாம். மென்பொருளுக்கு ஒரு ரூபாய்கூட செலவில்லை.

எப்போது வந்த லேப்டாப் இது?

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதாவால் தொடங்கப்பட்டது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்ய, 50 லட்சத்துக்கும் அதிகமான லேப்டாப்கள் மாணவர்களுக்கு வழங்கப்பட்டன. தொடக்க கால லேப்டாப்களில் பெரும்பாலும் 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க் இருந்தன.

அவற்றில் விண்டோஸுடன் 'பாஸ் லினக்ஸ்' என்ற இன்னொரு இயங்குதளமும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், 'டெபியன்' என்ற கட்டற்ற இயங்குதளத்தை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. இப்போது நாம் செய்யப்போகும் வேலைக்கும் அதே டெபியன்தான் கைகொடுக்கிறது.

அப்போ ஏன் ஸ்லோ?

பல நேரங்களில் மெஷின் கெட்டுப்போயிருக்காது. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-ல் நின்றது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ராம், டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி, புதிய தலைமுறை பிராசஸர் தேவை. இதனால்தான் பழைய லேப்டாப் வெளியே நிற்கிறது. திரையில் படங்கள், ஜன்னல்கள் எதுவும் இல்லாமல் ஓடும் லினக்ஸ் சர்வருக்குச் சில நூறு எம்பி ராம் போதும்.

சர்வர்னா என்ன?

மற்ற கருவிகள் கேட்டதை எடுத்துக் கொடுக்கும் கணினி, அவ்வளவுதான். வீட்டு ரூட்டரின் வைஃபையில் இணைந்திருந்தால் போதும். வீட்டுக்குள் பயன்படுத்த இன்டர்நெட்கூட தேவையில்லை.

என்னென்ன செய்யலாம்?

• போட்டோ சேமிப்பு: 'சாம்பா' என்ற மென்பொருள் லேப்டாப்பின் ஃபோல்டரை எல்லா போன், கணினிக்கும் பகிரும். 'சிங்க்திங்' போனில் எடுக்கும் படங்களைத் தானாகவே அதில் நகலெடுக்கும்.

• நெட் இல்லாத நூலகம்: 'கிவிக்ஸ்' மூலம் தமிழ் விக்கிப்பீடியாவை ஒருமுறை பதிவிறக்கி வைத்தால், சிக்னல் இல்லாத ஊரிலும், டேட்டா தீர்ந்த நாளிலும் பிள்ளைகள் படிக்கலாம்.

• வீடியோ: 'ஜெல்லிஃபின்' மூலம் பாட வீடியோக்களைப் போனில் பார்க்கலாம். ஆனால், வீடியோவின் வடிவத்தை மாற்றிக் கொடுக்கும் வேலையைப் பழைய பிராசஸர் தாங்காது.

• வேலைக்கான பயிற்சி: உலகின் சர்வர்களில் பெரும்பகுதி லினக்ஸில்தான் ஓடுகிறது. மாத வாடகைக்கு கிளவுட் சர்வர் எடுக்க முடியாத மாணவருக்கு, உடைத்து, திரும்பக் கட்டிப் பழக வீட்டிலேயே ஒரு சர்வர் இருப்பது பெரிய உதவி.

எப்படி மாற்றுவது?

1. பழைய ஃபைல்களை முதலில் வேறு இடத்தில் நகலெடுங்கள். நிறுவும்போது டிஸ்க் முழுக்க அழியலாம்.

2. பிராசஸர் 64-பிட்டா என்று பாருங்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ 32-பிட் கணினியில் புதிதாக நிறுவ முடியாது. அப்படிப்பட்ட கணினிக்கு டெபியன் 12 போடலாம். அதற்கான நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு.

3. டெபியன் கோப்பை அதன் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து இறக்கி, 'ரூஃபஸ்' மூலம் பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து லேப்டாப்பைத் தொடங்குங்கள்.

4. நிறுவும்போது டெஸ்க்டாப் வேண்டாம் என்றும், எஸ்எஸ்எச் சர்வர் வேண்டும் என்றும் தேர்வு செய்யுங்கள். பிறகு வேறு கணினியிலிருந்தே இதை இயக்கலாம்.

5. மூடியை மூடினால் தூங்கிவிடும் அமைப்பை மாற்றுங்கள். ரூட்டரில் லேப்டாப்புக்கு நிலையான முகவரி ஒதுக்குங்கள்.

ஒவ்வொரு முறையும் தேதி தப்பாக வந்தால், உள்ளே இருக்கும் சிறிய பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். தேதி தப்பானால் பல இணையதளங்கள் திறக்காது.

வெயிலும் தூசியும்

கரிசல் காட்டு வெயிலில், தகரக் கொட்டகையிலோ மொட்டை மாடி அறையிலோ லேப்டாப்பை வைக்காதீர்கள். தறி ஓடும் வீட்டில் பஞ்சுத்தூசு ஃபேனை அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது திறந்து சுத்தம் செய்ய வேண்டும்.

பெரிய ஆபத்து பேட்டரிதான். டச்பேட் மேலே தூக்கினாலோ, அடிப்பாகம் புடைத்தாலோ உடனே நிறுத்துங்கள். புடைத்த பேட்டரியைக் குத்தக்கூடாது, எரிக்கக்கூடாது. கழற்றும் வகை பேட்டரி என்றால் அதை எடுத்துவிட்டு அடாப்டரில் ஓட்டலாம். ஆனால் கரண்ட் போனால் லேப்டாப்பும் உடனே அணைந்துவிடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதில் இணைப்பது நல்லது.

கரண்ட் பில் ஏறுமா?

திரை அணைந்த லேப்டாப் சும்மா ஓடும்போது சுமார் 15 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதம் இரவும் பகலும் ஓடினால் சுமார் 22 யூனிட். பழைய டெஸ்க்டாப் இதைப்போல் சில மடங்கு எடுக்கலாம் என்பதால், சர்வர் வேலைக்கு லேப்டாப்தான் லாபம்.

பழைய டெஸ்க்டாப்பை என்ன செய்வது?

அதற்கு வேறு மதிப்பு உண்டு. யூனிகோட் பரவும் முன், டிடிபி சென்டர்களில் அழைப்பிதழ்களும் மலர்களும் பாமினி, டாம், டாப் போன்ற முறைகளில் தட்டச்சாயின. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் கிறுக்கலாகத் தெரியும். பழைய மெஷின் ஓடும்போதே அந்த ஃபைல்களையும் எழுத்துருக்களையும் நகலெடுத்து, 'என்எச்எம் கன்வெர்ட்டர்' போன்ற கருவிகளால் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

கவனிக்க வேண்டியவை

வெளியூரிலிருந்து பார்க்க ஆசைப்பட்டு ரூட்டரில் போர்ட்டைத் திறந்துவிடாதீர்கள். தெரியாமல் திறந்தால் யார் வேண்டுமானாலும் கதவைத் தட்டலாம். அதேபோல், பத்து வருட ஹார்டு டிஸ்க்கை மட்டும் நம்பாதீர்கள். முக்கியமான படங்களுக்கு இன்னொரு நகல் வேறு டிஸ்க்கில் இருக்க வேண்டும்.

தமிழிலேயே கற்க, 2012 முதல் வெளிவரும் 'கணியம்' இதழின் லினக்ஸ் கட்டுரைகளும் இலவச மின்னூல்களும் உதவும்.

மதர்போர்டே போய்விட்டது என்றால் மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். கொடுக்கும் முன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். மார்க் ஷீட், ஆதார் நகல், குடும்பப் படங்கள் அதில் இன்னும் இருக்கலாம்.