நாணயத்தின் நாணயம்

தமிழில் ‘நாணயம்’ என்னும் ஒரு சொல் இரு பொருள் தரும். கையில் புழங்கும் காசையும் அது குறிக்கும். மனிதனின் நேர்மையையும் அது குறிக்கும். காசில் நேர்மை குன்றினால் வாணிபமே நலியும் என்பதை அறிந்துதான் நம் முன்னோர் இச்சொல்லை இவ்வாறு வழங்கினர் போலும்!

அண்மையில் நம் உறவினரான பெரியவர் ஒருவர், உம்ராவுக்கெனச் சேமித்த தொகையில் ஒரு பகுதியைக் கொடுத்து, ஷாஜஹான் காலத்து வெள்ளி ரூபாய் ஒன்றைக் கைபேசி வழியாக வாங்கினார். ஒருபுறம் கலிமா பொறித்த காசு. பேரப்பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம் என்பது அவர் ஆசை. வந்து சேர்ந்ததை நிறுத்துப் பார்த்தோம். ஏறத்தாழ 11.4 கிராம் இருக்கவேண்டிய காசு 9 கிராமே இருந்தது. விளிம்பைச் சுற்றி வார்ப்பின் தழும்பும் தெரிந்தது. முகலாயரின் அக்கசாலைகளில் ரூபாய்கள் அச்சில் வைத்து அடிக்கப்பட்டனவேயன்றி வார்க்கப்படவில்லை. விற்றவரிடம் முறையிட்டபோது, “படத்தைப் பார்த்துத்தானே வாங்கினீர்கள்? திரும்பப் பெறமாட்டோம்” என்று விடை வந்தது.

நேரில் காணாத பொருளை வாங்கியவர் ஏமாந்தால் நட்டம் யாரைச் சாரும்? இக்கேள்வி கைபேசியோடு பிறந்ததன்று.

தொடக்க கால முஸ்லிம்களிடையே பைஸாந்தியப் பொற்காசும் பாரசீக வெள்ளிக்காசும் புழங்கின. ஹிஜ்ரி 77இல், அதாவது கி.பி. 696–697இல், கலீஃபா அப்துல் மலிக் உருவங்களற்ற புதிய தீனாரை வெளியிட்டார். அதன் எடை சுமார் 4.25 கிராம். இறைவசனங்களும் அடிக்கப்பட்ட ஆண்டும் அதில் இருந்தன. கலீஃபாவின் பெயர் இல்லை. அதன் மதிப்பு எடையிலும் மாற்றிலுமே நின்றது. எடையைச் சரிபார்க்க எகிப்தில் கண்ணாடி எடைக்கற்களும் செய்யப்பட்டன.

கடைத்தெருவைக் கண்காணிக்க ‘முஹ்தஸிப்’ என்னும் அதிகாரி இருந்தார். அளவையிலும் நிறுவையிலும் விற்பனையிலும் நிகழும் மோசடிகளைத் தடுப்பது அவர் கடமை என்று கி.பி. 1058இல் மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்) விளக்கியுள்ளார். இவற்றுக்கெல்லாம் வேர் மதீனத்துச் சந்தையில் இருக்கிறது. தானியக் குவியலுக்குள் பெருமானார் (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்கள் ஈரமாயின. மழையில் நனைந்ததென வணிகர் கூற, அந்த ஈரத்தை மக்கள் காண மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவி, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் எனக் கண்டித்தார்கள். குறையைத் தேடிக் கண்டுபிடிப்பது வாங்குபவரின் கடமையன்று. அதை எடுத்துச் சொல்வது விற்பவரின் கடமை.

இதன்மீதே சட்ட மேதைகள் வாங்குபவரின் உரிமையை அமைத்தனர். மறைந்திருந்த குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தரலாம். காணாமல் வாங்கியவர், கண்டபின் வேண்டாமென மறுக்க ஹனஃபி மத்ஹபு உரிமை அளித்தது. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தோ, காணாத பொருளின் விற்பனையே செல்லாது என்பதாகும். நம்மில் இரு மத்ஹபினரும் உளர். “படத்தைப் பார்த்துத்தானே” என்னும் சாக்கு இரண்டிலும் எடுபடாது.

பழங்காசு சேகரிப்போர் பெருகியபின் போலியும் புது வேடம் பூண்டது. ஜெர்மனியில் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830) என்பவன் பண்டைக் காசுகளுக்குக் கள்ள அச்சுகள் வெட்டினான். அடித்த காசுகளை இரும்புத்தூள் நிறைந்த பெட்டியிலிட்டு வண்டியில் கட்டி ஓட்டி, பழமைத் தோற்றம் வரச் செய்தானாம். இன்றோ வண்டியும் வேண்டியதில்லை. அழகிய படம் ஒன்று போதும். 786 என்னும் எண்ணுள்ள நோட்டுக்கு இலட்சங்கள் கிடைக்கும் என்று ஆசை காட்டுவோரும் உளர். பழைய காசு, நோட்டு விற்பனையில் தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் வரியும் கேட்போரை நம்பவேண்டாமென ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

நம் நாட்டுச் சட்டமும் வாங்குபவர் பக்கமே நிற்கிறது. போலியான பொருளையும், விளம்பரத்தில் கூறிய தன்மையில்லாத பொருளையும் வணிகர் திரும்பப் பெற மறுக்கலாகாது என்பது 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதி. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் ஊருக்குரிய ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். 1915 என்னும் எண்ணில் முறையிடலாம். விளம்பரப் படம், விவரம், இரசீது ஆகியவற்றைப் பத்திரப்படுத்துவது மட்டும் நம் பொறுப்பு.

பெரியவரின் முறையீடு நடந்துகொண்டிருக்கிறது. இதற்கிடையே, “நீங்களும் படம் போட்டு விற்றுவிடுங்கள்” என்று அவருக்கு யோசனை சொன்னோர் உண்டு. அவர் மறுத்துவிட்டார். கள்ளக்காசு கைமாறும் காலமெல்லாம் அதைப் புழக்கத்தில் விட்டவரைப் பாவம் தொடரும் என்றும், அது கையில் கிடைத்தால் கிணற்றில் எறிந்துவிட வேண்டும் என்றும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எழுதியதை அவர் அறிந்திருந்தார். ‘போலி’ என்று எழுதிய உறையில் அந்தக் காசு சான்றாக இருக்கிறது. வழக்கு முடிந்ததும் அது கிணற்றுக்குப் போகும். காசில் இல்லாத நாணயம் அவரிடம் இருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்கு விட்டுச் செல்ல அதுவே போதும்.