போனுக்குக் காசு கொடுத்தது யார்?

சில வருஷங்களுக்கு முன் யூடியூபில் போன் ரிவ்யூ செய்துகொண்டிருந்தேன். ஒரு கம்பெனி இரவலாக அனுப்பிய போன், சார்ஜ் ஏறும்போது ரொம்பச் சூடாகிறது என்று சொல்லிவிட்டேன். அங்கிருந்து கூப்பிட்டவர் கோபப்படவே இல்லை. "உங்க இஷ்டம் சார். அடுத்த மாடல் இப்போதைக்குக் கையில இல்ல, வந்தா சொல்றேன்." சொல்லவேயில்லை. கடையில் வாங்கி வீடியோ போடுவதற்குள் மற்றவர்களுடையது வந்து பத்து நாள் ஆகியிருக்கும். பார்க்க ஆளிருக்காது.

இது யூடியூப் காலத்துச் சங்கடம் என்றுதான் நினைத்திருந்தேன். பழைய கதையைத் தேடிப் படித்தபோதுதான் இதன் வயது தெரிந்தது.

1927இல் அமெரிக்காவில் ஸ்டூவர்ட் சேஸ், எஃப். ஜே. ஷ்லிங்க் இருவரும், விளம்பரத்தை நம்பி வாங்குபவர் எப்படி ஏமாறுகிறார் என்று ஒரு புத்தகம் எழுதினார்கள். அதைத் தொடர்ந்து 1929இல் 'கன்ஸ்யூமர்ஸ் ரிசர்ச்' என்ற சோதனை அமைப்பு பிறந்தது. 1935இல் அங்கே வேலைநிறுத்தம். பிரிந்து வந்தவர்கள் 1936இல் 'கன்ஸ்யூமர்ஸ் யூனியன்' தொடங்கினார்கள். இன்றைய 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' அதுதான்.

அவர்களிடம் இரண்டு விதிகள் இருந்தன. விளம்பரம் வாங்குவதில்லை. சோதிக்கும் பொருளை, யாரென்று சொல்லாமல், கடையில் காசு கொடுத்தே வாங்குவது. இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கம்பெனி அனுப்புவது பொறுக்கியெடுத்த பொருளாக இருக்கலாம். அதைவிட முக்கியம், அனுப்புகிறவர் நிறுத்தவும் முடியும். இந்தச் செலவைச் சந்தாதாரர்கள் சுமந்தார்கள்.

இணையத்தில் சந்தாவுக்குப் பதில் விளம்பரம் வந்தது. 1997இல் ஆனந்த் லால் ஷிம்பி என்ற 14 வயதுப் பையன் 'ஆனந்த்டெக்' தளத்தைத் தொடங்கினார்; சிப்பின் உள்வேலை வரை அலசும் நீண்ட கட்டுரைகள், படிக்க இலவசம். கேமரா ரிவ்யூவுக்குப் பேர்போன 'டிபிரிவ்யூ' 1998இல் வந்தது. 2007இல் அதை வாங்கியது யார்? கேமரா விற்கும் அமேசானேதான். 2023இல் அதை மூடப்போவதாக அறிவித்தார்கள். வேறொருவர் வாங்கியதால் பிழைத்தது. ஆனந்த்டெக் 2024 ஆகஸ்டில் நின்றேபோனது.

இதற்குள் தனியாட்களின் காலம் வந்திருந்தது. 2007இல் யூடியூப் வருமானத்தில் பங்கு தரத் தொடங்கியபின், ரிவ்யூ ஒரு பிழைப்பானது. ஆசிரியர், கணக்குப்பிள்ளை, விளம்பரம் பிடிப்பவர் எல்லாம் ஒரே ஆள். கம்பெனி கை நீட்ட இது வசதி. 2024 ஆகஸ்டில், கூகுளின் 'டீம் பிக்சல்' திட்ட ஒப்பந்தத்தில் ஒரு வரி இருப்பது வெளியே வந்தது: வேறு பிராண்டை உயர்த்திக் காட்டினால் உறவு முறியலாம். பேச்சு கிளம்பியதும் கூகுள் அதை நீக்கியது. அந்த நிபந்தனை எனக்குப் புதிதில்லை. அதை எழுதியே வைத்திருந்தார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

நம் நாட்டில் 2023 ஜனவரியில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல், காசு மட்டுமல்ல, ஓசியில் வந்த பொருளையும் சொல்லச் சொல்கிறது. நல்லதுதான். வந்த போனைச் சொல்லிவிடலாம். அடுத்த போன் வரவேண்டுமே என்று குறையை மென்று முழுங்கியதை எங்கே போடுவது?

இப்போது வருஷத்துக்கு இரண்டு போன்தான். வாங்கி, மூன்று மாசம் புழங்கி, எழுதிவிட்டு விற்றுவிடுகிறேன். ஒவ்வொன்றிலும் கை நஷ்டம் உண்டு; அந்தத் தொகையையும் ரிவ்யூவின் கடைசி வரியில் போட்டுவிடுகிறேன்.