கடைசிக் காரணம்: 1695இல் இங்கிலாந்தின் அச்சுத் தணிக்கை முடிந்ததும் மெக்காலேயின் வாசிப்பும்

இங்கிலாந்தில் நூல்களை அச்சுக்கு முன்பே தணிக்கை செய்யும் முறை 1695இல் ஏன் முடிந்தது? இந்தக் கேள்விக்கு வரலாற்றாசிரியர் மெக்காலே 1855இல் எழுதிய விடையைத்தான் இன்றும் பலர் திருப்பிச் சொல்கிறார்கள். 'இங்கிலாந்து வரலாறு' நூலின் இருபத்தொன்றாம் இயலில் அவர் சொல்வது இது: 1662ஆம் ஆண்டின் உரிமச் சட்டத்தை நீட்டிக்கப் பிரபுக்கள் சபை விரும்பியது, காமன்ஸ் சபை மறுத்தது, மறுப்புக்கான காரணங்களை அச்சபையின் உறுப்பினர் எட்வர்ட் கிளார்க் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தக் காரணங்களில், தடையின்றி அச்சிடுவது நாட்டுக்கு நன்மையா தீமையா என்ற கொள்கைக் கேள்வி எழுப்பப்படவே இல்லை. கட்டணம், வீட்டுச் சோதனை, சுங்கச் சாவடியில் பூசணம் பிடிக்கும் புத்தக மூட்டை என்று சில்லறைக் குறைகள்தாம் இருந்தன. தணிக்கைக்கு எதிராகக் கவிஞர் மில்டன் எழுதிய 'அரியோபஜிடிகா' 1644இல் சாதிக்க முடியாததை இந்தக் குறைகள் சாதித்துவிட்டன என்று மெக்காலே முடிக்கிறார்.

படிக்கச் சுவையான முடிவு இது. ஆனால் காமன்ஸ் சபையின் குறிப்பேட்டில் 1695 ஏப்ரல் 17ஆம் தேதியின் கீழ் உள்ள பதினெட்டுக் காரணங்களை வரிசையாகப் படித்தால் இந்த முடிவு நிற்பதில்லை.

முதல் காரணத்திலேயே சிக்கல் தொடங்குகிறது. ராஜத்துரோக நூல்களைத் தடுப்பதற்கென்று சொல்லித்தான் இந்தச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அந்தக் குற்றத்துக்கு இதில் தண்டனையே வகுக்கப்படவில்லை. அத்தகைய குற்றவாளியைப் பொதுச்சட்டத்தின் கீழேயே தண்டிக்கலாம், அதற்கு இந்தச் சட்டம் தேவையில்லை. மாறாக, திருச்சபைக்கோ அரசுக்கோ தொடர்பில்லாத விஷயங்களுக்குத்தான் இதில் கடுந்தண்டனைகள் உள்ளன. முதல் காரணத்தின் சாரம் இவ்வளவே. அச்சிடுவதற்கு முன் தடுக்காதே, குற்றம் இருந்தால் அச்சிட்ட பின் வழக்குத் தொடு என்பதே இதன் பொருள். அச்சுரிமை பற்றிப் பின்னால் வந்த ஆங்கிலச் சட்ட மரபு முழுவதும் இந்தப் பிரிவினையின் மேல்தான் நிற்கிறது. அந்தச் சமயத்தில் தத்துவஞானி ஜான் லாக் கிளார்க்குக்காக எழுதிக்கொடுத்த குறிப்பும் ஏறக்குறைய இங்கிருந்துதான் தொடங்குகிறது: பேச உரிமை உள்ளவனுக்கு அச்சிடவும் உரிமை உண்டு, வரம்பு மீறினால் பிறகு அவன் பதில் சொல்லட்டும். இது கொள்கை இல்லையென்றால் வேறு எதைக் கொள்கை என்பது? மெக்காலே எடுத்துக்காட்டும் பட்டியலில் இந்த முதல் காரணத்துக்கு இடமில்லை.

சுங்கப் பெட்டியைப் பற்றி அவர் விரிவாகவே எழுதுகிறார். பேராயரோ லண்டன் ஆயரோ நியமித்தவரும், லண்டன் அச்சு, நூல் வணிகர்களின் சங்கமான ஸ்டேஷனர்ஸ் கம்பெனியின் ஆளும் கூட இருந்தால்தான் சுங்க அதிகாரி புத்தகப் பெட்டியைத் திறக்கலாம். இல்லையேல் அவர் வேலையே போய்விடும். பெட்டிக்குள் புத்தகம் இருப்பதைத் திறக்காமல் எப்படி அறிவது என்று காமன்ஸ் கேட்டது. நல்ல கேள்வி என்று மெக்காலேயும் ஒப்புகிறார்; ஆனால் அதை வணிகர் தொல்லையாக மட்டும் பார்க்கிறார். இந்தப் பெட்டிகளில் வந்தவை எவை என்று அவர் கேட்கவில்லை. லாக்கின் குறிப்பு அதைச் சொல்கிறது. ஹாலந்தில் நல்ல பாடத்தோடு அச்சான சிசரோ போன்ற லத்தீன் நூல்களை இறக்குமதி செய்யும்போது, அவற்றை அச்சிடும் ஏகபோகம் தன்னுடையது என்று ஸ்டேஷனர்ஸ் கம்பெனி மறித்துக்கொண்டது. அதனால் இங்கிலாந்தின் படிப்பாளிகள் மோசமான உள்நாட்டுப் பதிப்புக்கு அதிக விலை கொடுக்க நேர்ந்தது. சமயப் பொறுமை பற்றிய தம் கடிதத்தையே 1689இல் ஹவுடா நகரில் லத்தீனில் வெளியிட்டவர் லாக். கருத்து எந்த வழியாகக் கடல் கடக்கிறது என்பதை அவர் சொந்த அனுபவத்தில் அறிந்தவர். சுங்கச் சாவடியில் மூட்டை கிடந்தால் கருத்தும் அங்கேயே கிடக்கும்.

உரிமச் சட்டத்தின் அமைப்பும் இதையே காட்டுகிறது. சட்ட நூல்களுக்கு நீதிபதிகள், வரலாற்றுக்கும் அரசியலுக்கும் அரசுச் செயலர்கள், சமயத்துக்கும் மருத்துவத்துக்கும் தத்துவத்துக்கும் மீதிக் கலைகளுக்கும் பேராயரும் லண்டன் ஆயரும் என்று அனுமதி தரும் அதிகாரம் பிரிக்கப்பட்டிருந்தது. மில்டனின் 'இழந்த சொர்க்கம்' என்ற காவியம் 1667இல் பேராயரிடம் பணியாற்றிய குருவான தாமஸ் டாம்கின்ஸின் கைக்குப் போனது இந்தப் பிரிவினையால்தான். முதல் காண்டத்தில் அரசர்களைக் கலங்க வைக்கும் கிரகணம் பற்றிய வரிகளை அவர் ஆட்சேபித்தார் என்று மில்டனின் வாழ்க்கையை எழுதிய ஜான் டோலண்ட் சொல்கிறார். டோலண்ட் அதை எழுதியது 1698இல், அதாவது தணிக்கை போன பிறகு. இந்த அதிகாரப் பகிர்வுக்கு அடியில் வேறொன்று ஓடியது: லண்டனில் இத்தனை மாஸ்டர் பிரின்டர்களே இருக்கலாம், எழுத்து வார்ப்போர் இத்தனை பேரே இருக்கலாம், லண்டன், யார்க், இரு பல்கலைக்கழக ஊர்கள் தவிர வேறெங்கும் அச்சகம் கூடாது என்ற வணிகக் கட்டு. சமயமும் அரசியலும் கவிதையும் அச்சாவதைக் காவல்காத்தது அந்த வணிகக் கட்டுதான். காவலன் கையிலுள்ள சாவியைப் பிடுங்கினால் கதவு திறந்துகொள்ளும்.

மில்டனுக்கு இது தெரிந்திருந்தது. 1643 ஜூனில் வந்த உரிம ஆணையின் பின்னால் புத்தக வணிகத்தின் பழைய ஏகபோகக்காரர்களின் கை இருக்கிறது என்று 'அரியோபஜிடிகா'வின் முடிவில் அவரே குற்றம்சாட்டுகிறார். உண்மையைச் சரக்கைப் போல ஏகபோகமாக்குவதையும் கண்டிக்கிறார். அந்நூலின் தலைப்புப் பக்கத்தில் மில்டனின் பெயர் இருக்கிறது, அச்சிட்டவர் பெயரோ விற்றவர் பெயரோ இல்லை. மில்டன் பக்கம் கொள்கை, கிளார்க் பக்கம் வணிகம் என்று மெக்காலே போடும் கோடு இரு பக்கமும் பொருந்தவில்லை. 1693இல் சட்டத்தை இரண்டாண்டு நீட்டித்தபோது சில பிரபுக்கள் பதிவுசெய்த ஆட்சேபமும் இப்படியே: கூலிக்கு வேலை செய்யும், ஒருவேளை படிப்பறிவும் இல்லாத ஓர் உரிமதாரியின் தயவில் எல்லாக் கல்வியும் நிற்கவேண்டுமா என்ற கேள்வியும், ஆசிரியரின் உடைமை பறிபோகிறது, ஏகபோகம் வளர்கிறது என்ற புகாரும் அதில் ஒரே மூச்சில் வருகின்றன.

இனி, என் கவனத்தை அதிகம் இழுத்த இடம். பதினெட்டில் கடைசிக் காரணம் ஒரே ஒரு மனிதரைப் பற்றியது. ஜான் ஸ்ட்ரீட்டர் என்பவர் இச்சட்டமே இல்லாததுபோல விரும்பியதை அச்சிடலாம் என்று 1662 சட்டத்தின் பிற்பகுதியில் ஒரு விலக்கு இருந்தது. இங்கிலாந்தின் ஏனைய குடிகளிடமிருந்து அவரைப் பிரித்து வைக்கக் காமன்ஸ் சபைக்கு ஒரு காரணமும் தெரியவில்லை என்று அந்த வாசகம் முடிகிறது.

ஸ்ட்ரீட்டர் யார்? நாடாளுமன்றப் படையில் இருந்தவர். 1653இல் கிராம்வெல் நாடாளுமன்றத்தைக் கலைத்தபோது எதிர்த்து எழுதிச் சிறை சென்றவர். ஹாரிங்டனின் 'ஓஷியானா'வை 1656இல் அச்சிட்ட குடியரசுவாதி. மன்னராட்சி திரும்பிய பிறகு அவரே சட்ட நூல் அச்சிடும் அரச உரிமையின் பங்காளியானார். நீதிபதி குரோக்கின் தீர்ப்புத் தொகுப்பை உரியவர்களிடம் விலைகொடுத்து வாங்கிய ரோப்பர் என்பவர் ஸ்ட்ரீட்டர்மேல் தொடுத்த வழக்கில், பிரபுக்கள் சபை 1672இல் ஸ்ட்ரீட்டரின் அரச உரிமை பக்கமே நின்றது. 1670களின் இறுதிக்குள் அவர் இறந்துவிட்டார் என்றே கொள்ளப்படுகிறது. அப்படியானால் 1695இல் காமன்ஸ் சபை ஏன் செத்த மனிதரின் சலுகையை இழுத்தது?

எளிய விடை ஒன்று உண்டு: எழுதியவர் சட்டத்தைப் பிரிவு பிரிவாகப் புரட்டிக்கொண்டே வந்தார், முடிவில் இருந்த பிரிவையும் எழுதிவைத்தார். அதை முற்றாக மறுக்க என்னிடம் ஆவணம் இல்லை. ஆனாலும் ஏற்கவும் முடியவில்லை. ஒரு பயனும் இல்லாமல் போய்விட்ட விலக்கைப் பட்டியலில் சேர்த்து, அதுவும் முடிவில் வைத்து, வாக்கியத்தை இங்கிலாந்தின் குடிகள் அனைவரையும் நோக்கித் திருப்புவது வெறும் எழுத்தர் வேலையாகத் தோன்றவில்லை. ஒருவருக்கு இருந்த சுதந்திரம் எல்லாருக்கும் ஏன் இல்லை என்ற கேள்வி அதில் இருக்கிறது. ஸ்ட்ரீட்டர் பதினைந்தாண்டுகள் தணிக்கையின்றி அச்சிட்டும் நாடு கவிழவில்லை என்பதும் கேட்பவர் காதில் விழுந்திருக்கும். மெக்காலே தரும் குறைகளின் பட்டியலில் ஸ்ட்ரீட்டர் இல்லை. அவரைச் சேர்த்திருந்தால் சில்லறைக் குறை என்ற வகைக்குள் அந்தக் காரணம் அடங்கியிருக்காது.

மெக்காலேயை அவருடைய எழுத்தைக்கொண்டே மறுக்க இன்னொரு வழி உண்டு. அதற்கு இந்தியாவுக்கு வரவேண்டும். 1835இல் கல்கத்தாவில் சட்ட உறுப்பினராக இருந்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் அச்சு உரிம முறையை நீக்கும் சட்டத்தை வரைந்தவர் அவரே. அப்போது தற்காலிகத் தலைமை ஆளுநராக இருந்த மெட்காஃப் பெயரால் அறியப்படும் அந்தச் சட்டம் 1835 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அச்சிடுபவரும் வெளியிடுபவரும் தம் பெயரைத் தெரிவிக்க வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. சென்னை மாகாணத்துக்கும் அது பொருந்தியது. அதற்காக அவர் எழுதிய குறிப்பில் முதலில் நிற்பது அச்சுரிமையின் உயர்வு அல்ல. நடைமுறையில் பத்திரிகை ஏற்கனவே சுதந்திரமாக இருக்கிறது. அப்படியிருக்க, உரிமம் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அரசு வீணாகக் கெட்ட பெயர் சம்பாதிப்பானேன் என்றே அவர் கேட்கிறார். அச்சுரிமையில் அவருக்கு ஆழ்ந்த நம்பிக்கை இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆட்சிக் குழுவை இணங்கவைக்கும் தாளில் எது செல்லுபடியாகும் என்பது அவருக்குத் தெரியும். அதே தெளிவு கிளார்க்குக்கும் இருந்திருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் மெக்காலே ஏனோ எண்ணிப் பார்க்கவில்லை. தணிக்கையை நம்பிய ஆயர்கள் அமர்ந்திருந்த ஒரு சபைக்கு அனுப்பும் தாளில் லாக்கின் முதல் வாக்கியத்தை அப்படியே எழுதினால் என்ன நடந்திருக்கும்?

எனினும் என் வாதத்தை எந்த அளவுக்கு நீட்டலாம் என்பதில் எச்சரிக்கை வேண்டும். லாக்கின் குறிப்பை 1694 இறுதி, 1695 தொடக்கம் என்று பொதுவாக வைக்கிறார்கள், நாள் உறுதியாகவில்லை. அது பதினெட்டுக் காரணங்களுக்கு நேரடி மூலமா, அல்லது இரண்டும் ஒரே பேச்சிலிருந்து தனித்தனியே பிறந்தவையா என்பதும் தீரவில்லை. அதைவிடச் சங்கடமான சான்று வேறு. கிளார்க்கும் அவர் நண்பர்களும் பழைய சட்டம் போகட்டும் என்று மட்டும் இருக்கவில்லை. அச்சை ஒழுங்குபடுத்தும் புதிய மசோதா ஒன்றையும் அதே கூட்டத்தொடரில் கொண்டுவந்தார்கள். அது நிறைவேறுமுன் மே 3இல் கூட்டத்தொடர் முடிந்தது, பழைய சட்டமும் அன்றோடு காலாவதியானது. அந்த வெற்றிடத்தை அவர்கள் திட்டமிடவில்லை என்பதில் மெக்காலேயோடு நான் உடன்படுகிறேன். அவ்வாண்டிலேயே 'ஃபிளையிங் போஸ்ட்', 'போஸ்ட் பாய்' போன்ற செய்தித்தாள்கள் லண்டனில் கிளம்பின. வில்லியம் பானி தம் அச்சகத்தை பிரிஸ்டலுக்குக் கொண்டுபோனார். பின்வந்த ஆண்டுகளில் தணிக்கையைத் திரும்பக் கொண்டுவர மசோதாமேல் மசோதா வந்தும் ஒன்றும் தேறவில்லை. 1695இன் காரணங்கள் சில்லறைக் குறைகள் மட்டுமாக இருந்திருந்தால், அந்தக் குறைகளை நீக்கிய ஒரு தணிக்கைச் சட்டத்தை எளிதாக நிறைவேற்றியிருக்கலாம். ஏன் நிறைவேறவில்லை என்ற கேள்விக்கு மெக்காலேயின் வாசிப்பில் விடை கிடைப்பதில்லை.