எல் மிராஜிலிருந்து காலி வீதி வரை: ரிம் மாத்தின கதை

கல்கிசையில் 100ஆம் நம்பர் பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போகிற நேரத்தில் எங்களுக்கு ஒரு பழைய விளையாட்டு இருக்கிறது. ஜன்னலால் பார்த்து, காரின் சில்லை மட்டும் வைத்து, ஓட்டுகிறவர் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் கப் போட்ட வெள்ளை வெகன்ஆர் என்றால் வாடகைக்கு ஓடுகிற அண்ணா. கறுப்பு அலோய் போட்டு, டயர் ஒரு நாடா மாதிரி மெலிசாக இருந்தால் அப்பாவிடம் காசுள்ள பெடியன். பாதி நாள் எங்கள் கணிப்பு பிழைத்துப்போகும், அது வேற கதை.

ஒருநாள் தெஹிவளைச் சந்தி நெரிசலில் பச்சை மொரிஸ் மைனர் ஒன்று பஸ்ஸுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பொடி அப்படியே பழையது, பம்பர்கூட மின்னியது. சில்லில் மட்டும் எட்டுக் கம்பி அலோய் ரிம். எங்களுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஐயா, "நல்ல காரைப் பழுதாக்கிப் போட்டான்" என்று நாக்கைச் சப்புக்கொட்டினார். அதே நேரம் எங்களில் இரண்டு பேர் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். அந்த ரிம் எங்கேயிருந்து வந்தது, ஏன் ஒருவருக்கு அது பழுது, இன்னொருவருக்கு அழகு என்று தேடப் போனதில் எழுதினதுதான் இது.

ஹொட் ரொட் என்ற சொல்லை எங்களில் பலர் பொம்மைக் கார்ப் பெட்டியில்தான் முதலில் பார்த்தோம். அசல் ஹொட் ரொட்டுக்குப் பின்னால் இருப்பது கையில் காசில்லாத பெடியன்கள். 1930களில் அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி. கலிபோர்னியாவில் ஃபோர்டின் மொடல் டி, மொடல் ஏ கார்கள் பழைய இரும்பு விலைக்கு வந்துவிட்டன. 1932இல் ஃபோர்ட் மலிவு விலையில் வி8 எஞ்சின் போட்ட கார் ஒன்றையும் விட்டது. பெடியன்கள் பழைய காரை வாங்கி மட்கார்டைக் கழட்டி, கூரையை வெட்டி, எஞ்சினை முறுக்கேற்றி, லொஸ் ஏஞ்சலிசுக்கு வடக்கே இருக்கிற மியூரொக், எல் மிராஜ் என்கிற வறண்ட ஏரித் தரைகளில் கொண்டுபோய் ஓட்டினார்கள். 1937இல் இந்தக் கூட்டங்கள் சேர்ந்து ஒரு சங்கமே அமைத்தன. எட்டிப் பார்த்தால் அடிவானம் வரைக்கும் தட்டை மண், தடுக்க ஒன்றுமில்லை.

அங்கேதான் சில்லு முக்கியமானது. மொடல் டி பெரும்பாலும் மரக் கம்பிச் சில்லில் ஓடிய கார். 1928 மொடல் ஏக்கு 21 அங்குலக் கம்பிச் சில்லு, உயரம், ஒல்லி, சைக்கிள் சில்லுக்கு அண்ணன் மாதிரி. இதில் வேகமாகப் போனால் நிலத்தைப் பிடிக்கிற ரப்பர் போதாது. ஆகவே அடிபட்ட புதிய ஃபோர்டுகளிலிருந்து 16 அங்குலச் சில்லுகளைக் கழட்டிப் பழைய காரில் மாட்டினார்கள். அகலமான டயர் ஏறியது. பின்னுக்குப் பெரிய டயர், முன்னுக்குச் சின்ன டயர் என்று போட்டார்கள். பின் டயர் பெரிசானால் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றும்போது கார் கூடத் தூரம் போகும், நீண்ட தட்டை ஓட்டத்துக்கு அது இலாபம். முன்சில்லு சிறிசானால் பாரம் குறையும். மூக்கைத் தாழ்த்திப் பாயத் தயாராக நிற்கிற அந்த ஹொட் ரொட் தோற்றம் இப்படி ஒரு கணக்கால் வந்தது. கணக்குத் தெரியாதவர்களும் பிறகு தோற்றத்துக்காகவே அதைச் செய்தார்கள், நாங்களும் செய்திருப்போம்.

போர் முடிந்த பிறகு விமானத் தொழிலிலிருந்து வந்த டெட் ஹலிப்ராண்ட் மக்னீசியத்தில் சில்லு வார்க்கத் தொடங்கினார், முதலில் ரேஸ் கார்களுக்கு. மக்னீசியம் இரும்பின் நாலில் ஒரு பங்குப் பாரம்கூட இல்லை, அலுமினியத்திலும் மூன்றில் ஒரு பங்கு குறைவு. சில்லின் பாரம் மற்றப் பாரம் மாதிரி அல்ல. காரின் பொடி ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கிறது, சில்லு கீழே. பாரமான சில்லு பள்ளத்தில் விழுந்தால் திரும்ப நிலத்தைத் தொட நேரம் எடுக்கும், அந்த நேரம் முழுக்க டயருக்குப் பிடிப்பு இல்லை. காலி வீதியில் தோண்டி மூடின குழிகளில் போனவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அலோய் ரிம்மை அமெரிக்கர்கள் இன்றைக்கும் 'மக்' என்று கூப்பிடுவது அந்த மக்னீசியத்தின் மிச்சம், உண்மையில் மக்னீசியம் இருக்கோ இல்லையோ.

1960களின் முதற்பாதியில் இது றோட்டுக்கு வந்தது. அமெரிக்கன் ரேசிங் கம்பனியின் டோர்க் திரஸ்ட், ஐந்து கம்பி, நடுவிலிருந்து விளிம்புக்குப் போகப் போக வடிவாக ஒடுங்கும். 1964இல் கிரேகர் எஸ்.எஸ்., அலுமினிய நடுவும் குரோம் பூசின இரும்பு விளிம்பும். பாரம் அவ்வளவு குறையவில்லை, மினுக்கம்தான் கூட. எங்கள் கண்ணுக்கு டோர்க் திரஸ்ட்தான் அழகு. கிரேகர் கல்யாண வீட்டுச் சோடனை மாதிரி.

பிரித்தானியாவில் இதே காலத்தில் மினி காருக்கென்று மினிலைட் வந்தது. மக்னீசியம், எட்டுக் கம்பி, 10 அங்குலம். மொன்டி கார்லோ ரலியை மினி 1964, 1965, 1967 என்று வென்றதால் அந்தக் குட்டிக் காருக்கு வந்த மவுசில் மினிலைட்டுக்கும் பங்கு கிடைத்தது. ஜப்பானில் வட்டனாபே என்ற கம்பனி எட்டுக் கம்பியைத் தன் பாணியில் வார்த்தது. 'இனிஷியல் டி' பார்த்தவர்களுக்கு டக்குமியின் டொயோட்டாவில் இருக்கிற ரிம் ஞாபகம் வரும், அதுதான். தெஹிவளையில் நாங்கள் பார்த்த மைனரின் ரிம் இந்த எட்டுக் கம்பிக் குடும்பத்துப் பிள்ளை.

இலங்கைக்கு மோட்டார்ப் பந்தயம் புதுசல்ல. நுவரெலியாவில் மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி 1934இலேயே தொடங்கியது. களுத்துறைப் பக்கம் கட்டுகுருந்தவில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையில் கார் ஓடினார்கள். கலிபோர்னியாவிலும் 1950இல் சான்டா ஆனா விமானத் தளத்தில் இப்படித்தான் ஓடினார்கள். ஆனால் இங்கே பந்தயம் ஓடினவர்கள் பெரும்பாலும் வசதியான வீட்டுக்காரர்கள். எங்கள் ஊரின் ஹொட் ரொட் கதையைப் பந்தயத் திடலில் தேடினால் பாதிதான் கிடைக்கும். மற்றப் பாதி துறைமுகத்தில் இருக்கிறது, அதாவது கார் வராமல் போன துறைமுகத்தில்.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி இல்லையென்று கார் இறக்குமதியை இறுக்கினார்கள். 1970இலிருந்து 1977 வரை கிட்டத்தட்ட கதவைச் சாத்தியே வைத்தார்கள். உள்ளே வந்து சேர்ந்திருந்த மைனரும் ஒஸ்டினும் மினியும் சாகக்கூடாத கார்கள் ஆகிவிட்டன. மஞ்சள் கூரை போட்ட மைனர்கள் கொழும்பில் டாக்சியாக ஓடின. உறுப்புப் பழுதானால் வாங்க வழியில்லை, செய்துதான் போட வேண்டும். இந்தக் கைப்பழக்கம் வீண்போகவில்லை. பிரித்தானியாவில் 16 இலட்சத்துக்கு மேல் செய்து 1970களின் தொடக்கத்தில் நிறுத்திவிட்ட மைனருக்கு, 1990களில் இலங்கையில் உறுப்புகள் செய்து பாத் நகரத்தில் சார்ள்ஸ் வெயார் நடத்திய மைனர் கடைக்கு அனுப்பினார்கள். எங்களுக்குக் கார் தந்த நாட்டுக்கே அந்தக் காரின் தகரத்தை நாங்கள் விற்றிருக்கிறோம். இதைப் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கலாம்.

பழைய கார் பற்றிக் கதைக்கும்போது இலக்கத் தகட்டையும் சொல்ல வேண்டும், தமிழில் எழுதுகிறவர்கள் அதைத் தாண்டிப் போக முடியாது. இன்றைக்குப் பழைய கார் வாங்குகிறவர்கள் "இங்கிலீஷ் நம்பரா, ஸ்ரீயா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆங்கில எழுத்தின் இடத்தில் சிங்கள ஸ்ரீ வந்தது 1957இல். தமிழரசுக் கட்சி எதிர்ப்பு இயக்கம் நடத்தியது, வடக்கில் தமிழ் ஸ்ரீ எழுதி வண்டி ஓட்டினார்கள். 1958இல் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள், ஏப்ரலில் பண்டா செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது, மே மாதத்தில் கலவரம். அந்த எழுத்து இப்போது கார் ரசிகர்களுக்கு ஒரு மவுசான பழமை. எங்களுக்கு அதைப் பார்த்து வெறுமனே ரசிக்கவும் முடியவில்லை, காரை வெறுக்கவும் முடியவில்லை. ரிம்மை மாத்தலாம், பெயின்டை மாத்தலாம், அந்தத் தகட்டை மாத்த முடியாது.

1977க்குப் பிறகு ஜப்பான் கார்கள் வந்தன, கூடவே ஜப்பான் ரிம்களும். பஞ்சிகாவத்தையில் பிரித்த கார்களின் ரிம்கள் கம்பியில் கோர்த்துத் தொங்கும், வடைமாலை மாதிரி. 2020 மார்ச்சில் திரும்பவும் இறக்குமதி நின்றது, தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் பத்து வருஷம் ஓடின கார் வாங்கின விலைக்கு மேலே போனது. புதுக் கார் கனவில்கூட இல்லை. எங்கள் வயதுக்காரர் நிறையப் பேர் சித்தப்பாவின், தாத்தாவின் காரைத் தூசு தட்டி எடுத்தது அந்த வருஷங்களில்தான். எஞ்சின் வேலைக்குக் காசு பத்தாது, பெயின்டுக்கும் பத்தாது. நாலு ரிம் வாங்கலாம். பின்னேரம் ஜக் வைத்து மாட்டினால் இரவுக்குள் வேறு கார்.

எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கும் இப்படித்தான் ஆசை வந்தது. மாமாவின் மைனருக்குக் கொரொல்லாவின் அலோய் ரிம். நாலு நட் ரிம்தான், பார்த்தால் பொருந்தும்போல. இங்கே கொஞ்சம் கணக்கு. நாலு நட்டும் இருக்கிற வட்டத்தின் குறுக்களவு மைனரிலும் மினியிலும் 4 அங்குலம், அதாவது 101.6 மில்லிமீற்றர். பழைய டட்சன்களில் 114.3, அது மாட்டவே மாட்டாது, ஆகவே ஆபத்தும் இல்லை. பிறகு வந்த பல ஜப்பான் கார்களில் 100. வித்தியாசம் 1.6 மில்லிமீற்றர். கராஜில் இருந்த பாஸ் ஓட்டையைக் கொஞ்சம் அராவி, நட்டை இறுக்கி, "ஒண்டும் ஆகாது" என்று அனுப்பிவிட்டார். நட்டின் கூம்பு ரிம்மில் முழுசாக உட்காரவில்லை. மூன்றாம் நாள் தெஹிவளைப் பாலத்துக்குக் கிட்ட 'டக் டக்' என்று சத்தம். இறங்கிப் பார்த்தால் இரண்டு நட்டை விரலாலேயே கழட்டலாம். உள்ளே நாலு பேர் இருந்தோம். அதற்குப் பிறகு ரிம் வாங்கப் போனால் கையில் அளவுகோல் இல்லாமல் நாங்கள் போவதில்லை, நீங்களும் போகாதீர்கள்.

இந்த ஊரின் உண்மையான ஹொட் ரொட் மைனரும் அல்ல, ஓட்டோ என்று நினைக்கிறோம். நாட்டில் பதிவான ஓட்டோ பத்து இலட்சத்துக்கும் மேல். பஜாஜ் ஓட்டோவுக்கு வருகிற சில்லு 8 அங்குலம், இரண்டு இரும்புத் துண்டை போல்ட் போட்டுச் சேர்த்தது, அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. அதைக் கழட்டிவிட்டு அலோய் போடுகிற பெடியன்கள் கொட்டாஞ்சேனையில் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். எங்களை அடிக்கடி ஏற்றிப்போகிற அண்ணாவிடம், அரைவாசி மாத உழைப்பை ஏன் ரிம்மில் கொட்டினீர்கள் என்று கேட்டோம். "தம்பி, வண்டி லீசிங் கம்பனிக்காரன்ட. தவணை பிந்தினா இழுத்துக்கொண்டு போயிருவான். ரிம் மட்டும்தான் என்ட" என்றார். 1930களின் கலிபோர்னியாப் பெடியன் ஒருவனிடம் கேட்டிருந்தாலும் இதற்குக் கிட்டவாக ஏதோ சொல்லியிருப்பான்.

2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீ லங்கா' திட்டத்தோடு பொலிஸ் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் கூடுதலாகப் பூட்டிய சோடனைகளைக் கழட்டச் சொன்னது. பஸ்காரர்களும் ஓட்டோக்காரர்களும் எதிர்த்தார்கள், பிறகு அவகாசம் கொடுத்தார்கள். கண்ணைக் கூசுகிற லைட், காதைக் கிழிக்கிற ஹோர்ன் கழன்றது எங்களுக்கும் சந்தோஷம்தான். பஸ்ஸில் போகிறவர்கள் நாங்கள். ஆனால் அழகுக்குப் பூட்டினதும் ஆபத்துக்குப் பூட்டினதும் ஒரே வலையில் விழுந்தன. பாதுகாப்புத்தான் காரணம் என்றால் அந்த 1.6 மில்லிமீற்றரை அளந்து பார்க்கிற ஒருவர் வேண்டும், அப்படி ஒருவரை நாங்கள் றோட்டில் கண்டதில்லை. ஞாயிறு காலையில் வரிசையாகப் போகிற பழைய பென்ஸ்களுக்கும் ஜகுவார்களுக்கும் வழிவிட்டுக் கைகாட்டுவார்கள். அது மரபு. ஓட்டோ ரிம் தொந்தரவு. தெஹிவளையில் அந்த ஐயா சொன்ன 'பழுது' என்ற சொல்லையும் நாங்கள் இப்போது இந்தப் பக்கமிருந்துதான் கேட்கிறோம்.

இன்னொரு எதிரி எல்லோருக்கும் பொது. கல்கிசையில் கடல் காற்று. மக்னீசியத்துக்கு உப்பு ஆகவே ஆகாது, அசல் மினிலைட் ஒன்றைக் கடற்கரைப் பக்கம் நிறுத்திவைத்தால் வெள்ளைப் பொடியாகப் பூக்கத் தொடங்கும். குரோம் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். லக்கர் பூசின அலுமினியம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அதுவும் கழுவித் துடைத்தால்.

அந்த அண்ணா பொலிஸ் கேட்கிறதுக்கு முதலே ரிம்மைக் கழட்டிவிட்டார். போன கிழமை ஏறினபோது பார்த்தோம், பழைய இரும்புச் சில்லு. அலோய் நாலையும் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், மூன்றுதானே என்று சிரித்தார். ஓட்டோவுக்கு மூன்றுதான், நாங்கள் மைனர் நினைப்பில் இருந்திருக்கிறோம். மூன்றையும் பேப்பரில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறாராம். மாதம் ஒருக்கா எடுத்துத் துடைக்கிறாராம்.