பொன் விளைந்த வயலும் வட ஆர்க்காட்டாரும்

வட ஆர்க்காட்டு வரலாறு எழுதுவோர் 1806-ஆம் ஆண்டு வேலூர்ப் புரட்சியை மறப்பதில்லை. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலையும் விடுவதில்லை. ஆனால் இம்மண்ணின் உழைப்பாளிகள் எல்லை கடந்து சென்று உருவாக்கிய கோலார் தங்கவயலுக்கு அவ்வரலாறுகளில் உரிய இடம் கிட்டவில்லை. மொழியால் தமிழூராகவும் ஆட்சியால் மைசூர் ஊராகவும் அது இருந்தமையே காரணம் எனலாம்.

திப்பு வீழ்ந்தபின் எல்லை அளக்க வந்த ஜான் வாரன் என்னும் படை அதிகாரி, 1802-இல் அப்பகுதி மக்கள் மண்ணை அரித்துப் பொன் எடுப்பதைக் கண்டு குறித்துவைத்தார். 1870-களில் லாவெல் என்பவர் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றார். 1880-இல் இலண்டனின் ஜான் டெய்லர் நிறுவனம் வந்த பிறகே பொன் கைக்கு எட்டியது. பயிருக்கே நீர் போதாத அவ்வறண்ட மேட்டுநிலத்திற்கு 1894-இல் மாரிக்குப்பம் வரை இருப்புப்பாதை வந்தது. 1902-இல் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து மின்சாரம் வந்தது. நாட்டின் பெருநகரங்கள் பலவும் எண்ணெய் விளக்கில் இருந்த காலம் அது.

குடிநீர் பேத்தமங்கலம் ஏரியினின்று வந்தது. அவ்வேரியை நிரப்பும் பாலாறுதான் கீழிறங்கி வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியே செல்கிறது. ஆறு கீழே வர, ஆள்கள் மேலே ஏறினர். நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்களே அவர்களுள் பெரும்பாலோர். ஊரில் பண்ணையாரின் பார்வைக்கு அஞ்சியவர்க்குச் சுரங்கத்தின் இருள் அஞ்சத்தக்கதாகத் தோன்றவில்லை போலும். எனினும் விடுதலை முழுமையானதன்று. வெள்ளையர் மாளிகைகளிலும் மன்றத்திலும் வாழ, தொழிலாளர் மூங்கில் தட்டி வீடுகளில் நெருங்கிக் கிடந்தனர். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சாம்பியன் சுரங்கத்தில் பாறை திடீரென வெடித்து ஆள்களை விழுங்கியது. பாறைத் தூசு மற்றவர்களின் நுரையீரலை மெல்ல அரித்தது.

இத்தொழிலாளரை வாய்பேசா அடிமைகளாக எண்ணுதல் பிழை. கைரேகை பதிக்கும் திட்டத்தை எதிர்த்து 1930-இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 2018-இல் இவ்வூர்ப் பெயர் தாங்கி வந்த திரைப்படம் ஒரு வீரன் வந்து மீட்க வேண்டிய கூட்டமாக அவர்களைக் காட்டியது. வரலாறு காட்டுவது வேறு.

இலக்கிய அன்பர்கள் நோக்கத்தக்கது இன்னொன்று. அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் 1907-இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழுக்கும், அவருடைய சாக்கிய பௌத்த சங்கத்திற்கும் தங்கவயல் தொழிலாளரே பெருந்துணையாயினர். 1914-இல் அவர் மறைந்தபின் அவ்வியக்கம் அணையாமல் காத்த ஊரும் அதுவே. ஜி. அப்பாதுரையார் 1926 முதல் 'தமிழன்' இதழை அங்கிருந்தே நடத்தினார். சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டு வழங்கியது. பகலெல்லாம் நிலத்தடியில் உழைத்தோர் கூலியில் மீத்த காசில் தமிழ்ப் பதிப்பகம் ஒன்று வாழ்ந்தது. பல்கலைக்கழகங்களின் இலக்கிய வரலாறுகள் இதனை நெடுங்காலம் பாராதது வருந்தத்தக்கது.

வீழ்ச்சி ஒருநாளில் நேரவில்லை. ஆழம் கூடக்கூடச் செலவு ஏறியது. பாறையில் பொன்னின் அளவோ குறைந்துகொண்டே வந்தது. 1956-இல் மைசூர் அரசும், 1962-இல் நடுவண் அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. இடையே, 1965-இல், அவ்வாழத்தில் அறிவியலார் காற்றுமண்டல நியூட்ரினோவைக் கண்டறிந்தமை உலகப் புகழ் தந்தது. ஊருக்குச் சோறு தரவில்லை. அயோத்திதாசர் சிந்தனைகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்து வெளியிட்டது 1999-இல். தமிழுலகம் அவரை மீண்டும் படிக்கத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, 2001 பிப்ரவரி 28 அன்று, சுரங்கங்கள் மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன் வெளிச் சென்றிருந்தது.

எஞ்சியவை சயனைடு கழிவு மேடுகள். காற்று வீசும் பருவத்தில் அவற்றின் தூள் வீடுகளுக்குள் படிகிறது. சுரங்கத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் விடியுமுன் தொடர்வண்டி ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இரவில் அதே தட்டி வீடுகளின் வரிசைக்குத் திரும்புகின்றனர்.