பினாங்கு யூதர்களின் வருகையும் வாழ்வும்: ஒரு வரலாற்று நோக்கு

மலேசியக் குடிப்பெயர்வு வரலாறு பெருந்தொகையினராக வந்தோரின் வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. இரயில்வேப் பணிக்கு வந்து பிரிக்பீல்ட்ஸில் குடியேறியோர் பற்றியும் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களுக்கு வந்தோர் பற்றியும் நம்மிடம் ஓரளவு ஆய்வுகள் உள்ளன. மிகச் சிறு தொகையினரான யூதர்களின் வரலாறு நமக்கு உணர்த்துவது யாது என்பதை இக்கட்டுரையில் சுருக்கமாக நோக்குவோம்.

மலாயாவில் யூதர்களின் முதன்மை வாழிடமாக விளங்கியது பினாங்கு. பாக்தாத்திலிருந்து பம்பாய், கல்கத்தா, இரங்கூன் என விரிந்த வணிகப் பாதையே அவர்களை இங்குக் கொணர்ந்தது. 1895இல் பாக்தாத்திலிருந்து வந்த எசேக்கியல் மனாசே அவர்களுள் குறிப்பிடத்தக்கவர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர்தம் எண்ணிக்கை ஏறத்தாழ 170 மட்டுமே.

1929இல் அவர்களது தொழுகைக் கூடம் நாகூர் சாலையில் திறக்கப்பட்டது. தமிழகக் கடற்கரை ஊரொன்றின் பெயர் தாங்கிய தெருவில் எபிரேய வழிபாடு ஒலித்தமை ஈண்டு எண்ணத்தக்கது. இரண்டாம் உலகப் போரின்போது பலர் சிங்கப்பூருக்குச் சென்றனர். போருக்குப் பின்னர் வேறு நாடுகளுக்கும் குடிபெயர்ந்தனர். கூட்டு வழிபாட்டிற்கு வயதுவந்த ஆடவர் பதின்மர் வேண்டும் என்பது யூத மரபு. அப்பதின்மரும் இல்லாத நிலையில் 1976இல் கூடம் மூடப்பட்டது. கடைசிப் பினாங்கு யூதராக அறியப்பட்டவரும் ஈ அண்ட் ஓ தங்குவிடுதியின் மேலாளராக நெடுங்காலம் பணியாற்றியவருமான டேவிட் மொர்டெக்காய் 2011இல் மறைந்தார்.

‘ஜாலான் யஹூதி’ என்னும் தெருப்பெயரும் பின்னர் ‘ஜாலான் ஜைனல் அபிடின்’ என மாற்றம் பெற்றது. எனினும், அங்குள்ள இடுகாடு எஞ்சியுள்ளது. அதன் மிகப் பழைய கல்லறை 1835ஆம் ஆண்டுக்குரியது. நூற்றுக்குச் சற்று மேற்பட்ட கல்லறைகளே அங்குள்ளன. அவற்றைக் காத்து வந்தது ஓர் இந்துக் குடும்பம் என்பது நம் கவனத்திற்குரியது.

இங்கு ஒரு முரண் புலனாகிறது. மறைந்துபோன அச்சிறு சமூகத்திற்குக் கல்லில் பெயரும் ஆண்டும் உள்ளன. இலட்சக்கணக்கில் வந்து இன்றும் வாழும் நம் சமூகத்திலோ, தோட்டங்களில் மாண்ட முன்னோர் பலருக்குக் கல்லறையும் இல்லை. தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாக மாறியபோது இடுகாடுகள் பலவும் அழிந்தன. எண்ணிக்கை ஒரு சமூகத்தை நிலைபெறச் செய்யலாம். அதன் நினைவை அது காப்பதில்லை. ஆதலின், தமிழாசிரியர்கள் தம் மாணவரைக் கொண்டு குடும்ப முதியோரிடமிருந்து முன்னோர் பெயர், ஊர், வந்த ஆண்டு ஆகியவற்றையேனும் எழுதிப் பெறுதல் காலத்தின் தேவை எனக் கருதுகிறோம்.